கேள்வி மேடை: ஒழுகும் கேபின் ஜன்னல்கள்

பழைய பாய்மரப் படகுகளின் கேபின் ஜன்னல் குறித்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பலரும் நேராக ‘எந்த சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) நல்லது?’ என்றுதான் கேட்கிறார்கள். அதற்கும் பதில் உண்டு, ஆனால் கொஞ்சம் பின்னால் வருகிறது. சீலன்ட் எதுவாக இருந்தாலும் அது நிற்பதும் நிற்காததும் வேறு விஷயங்களில் இருக்கிறது.

கேள்வி: மழை பெய்தால் ஜன்னலுக்குக் கீழே உள்ள மெத்தை நனைகிறது. வெளிவிளிம்பு முழுக்க இரண்டு தடவை சிலிகான் பூசிவிட்டேன், நிற்கவில்லை. ஜன்னலையே மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் ஒழுகுவது ஜன்னல்தானா என்று பாருங்கள். கூரையில் உள்ள கைப்பிடி போல்ட், பாய்க்கயிறு ஓடும் தண்டவாளத்தின் போல்ட், பாய்மரக் கம்பத்தின் வயரைக் கட்டும் தகடு என எதிலிருந்து வேண்டுமானாலும் தண்ணீர் இறங்கலாம். இறங்கிய தண்ணீர் உள் பலகைக்கும் (கேபினின் உட்சுவரை மூடும் பலகை) ஃபைபர்கிளாஸ் சுவருக்கும் நடுவே ஓடி, ஜன்னல் வெட்டிய இடத்தில்தான் முதல் வழியைக் கண்டுபிடிக்கும். பழி ஜன்னலுக்கு.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். உள் பலகையைக் கழற்றிவிட்டு, ஜன்னல் விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, சுற்றிலும் முகப்பவுடர் தூவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்காரட்டும். மற்றவர் வெளியே தோட்டக்குழாயால், அழுத்தம் இல்லாமல், கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் ஜன்னலின் கீழ் விளிம்பு, 5 நிமிடம். பிறகு பக்கங்கள், பிறகு மேல் விளிம்பு, கடைசியில்தான் கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. பவுடரில் தண்ணீர் கோடு போட்ட இடம்தான் உண்மையான வழி.

குளிர்ந்த இரவுக்குப் பிறகு மட்டும் ஈரம் தெரிந்தால் அது ஒழுகலே இல்லை, மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து வடிவதுதான்.

வெளியே சிலிகான் பூசியதைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினிய பிரேம் உள்ள ஜன்னல்களில் கீழ்ப்பக்கம் சிறு வடிகால் துளைகள் இருக்கும். ரப்பரைத் தாண்டி வரும் கொஞ்சத் தண்ணீர் வெளியே போவதற்காகவே அவற்றை வைத்திருக்கிறார்கள். விளிம்பு முழுக்கப் பூசினால் அவையும் அடைபடும். வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே வரும். பூசப் பூச ஒழுகல் கூடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: ஜன்னல் பிளாஸ்டிக்கில் சிலந்தி வலை போல நுண்விரிசல்கள். பாலிஷ் போட்டால் போகுமா?

பதில்: போகாது. கீறல் மேற்பரப்பில் இருப்பது. 600, 800, 1000, 1500, 2000 எண் நீர்த்தாள்களால் வரிசையாக ஈரத்தில் தேய்த்துப் பாலிஷ் போட்டால் அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெளிந்த ஜன்னல் பிளாஸ்டிக்) திரும்பத் தெளியும். நுண்விரிசல் உள்ளே இறங்கியது. வெயில், கரைப்பான், இறுக்கிப் பிடித்த ஸ்க்ரூ என எல்லாம் சேர்ந்து உண்டாக்குவது. அந்தப் பிளாஸ்டிக் பலகையின் வலிமையும் போய்விட்டது. மாற்றுங்கள்.

கேள்வி: மாற்றும்போது அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா? பாலிகார்பனேட் உடையவே உடையாது என்கிறார்களே?

பதில்: உடையாது என்பது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் ஜன்னலுக்கு உடையாமல் இருப்பது மட்டும் போதாது. பாலிகார்பனேட் மென்மையானது, துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறும். மேல்பூச்சு இல்லாத ரகம் சில வருட வெயிலில் மஞ்சளாகிப் புகைமூட்டம் போட்டுவிடும். அதைப் பாலிஷ் போட்டு மீட்கவும் முடியாது. அதோடு விறைப்பும் குறைவு: ஒரே தடிமனில், ஒரே அழுத்தத்தில், அக்ரிலிக்கை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக வளையும். பெரிய அலை அடித்தால் பலகை முழுசாகவே இருக்கும். ஆனால் நடுவில் குழிந்து, விளிம்பு பிரேமிலிருந்து நழுவி, ஜன்னல் மொத்தமாக உள்ளே வந்து விழலாம்.

எங்கள் பரிந்துரை: கேபின் பக்கச்சுவர் ஜன்னல்களுக்கு வார்ப்பு அக்ரிலிக். கேட்கும்போது ‘வார்ப்பு’ என்று அழுத்திச் சொல்லுங்கள். அச்சில் பிதுக்கி எடுத்த மலிவு ரகத்தில் உள்ளிறுக்கம் அதிகம். துளையிடும்போதும் கரைப்பான் படும்போதும் அதுதான் முதலில் விரியும். சிறிய ஜன்னலுக்கு 6 மி.மீ., அரை மீட்டரைத் தாண்டினால் 8 அல்லது 10 மி.மீ. பிரேம் உள்ளதென்றால் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, பிரேமின் பள்ளம் எவ்வளவு அகலமோ அதுதான் தடிமன். பாலிகார்பனேட்தான் வேண்டும் என்றால் வெயில் காப்புப் பூச்சு உள்ள ரகமாக, ஒரு படி கூடுதல் தடிமனில் வாங்குங்கள்.

கேபின் சுவர் வளைவாக இருந்தால் இன்னொரு கணக்கு. அக்ரிலிக்கைச் சூடாக்காமல் வளைத்துப் பொருத்தும்போது வளைவின் ஆரம், தடிமனைப் போல 330 மடங்குக்குக் குறையாமல் இருப்பது பத்திரம். 8 மி.மீ. பலகைக்கு அது சுமார் 2.6 மீட்டர். அதைவிடக் கூர்மையான வளைவென்றால் பலகையை அடுப்பில் வைத்து வளைத்து வாங்க வேண்டும். இழுத்துப் பிடித்து ஸ்க்ரூ போட்டால் நுண்விரிசலுக்கு நீங்களே விதை போட்டதாகும்.

கேள்வி: பிரேம் இல்லாமல் நேராகச் சுவரில் ஸ்க்ரூ போட்ட ஜன்னல்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவிலிருந்தும் விளிம்பை நோக்கி ஒரு விரிசல். இறுக்கம் போதவில்லையோ?

பதில்: இறுக்கம் கூடிப்போய்விட்டது. இந்த ஒரு கேள்விக்குள் பழைய ஜன்னல் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது, ஆகையால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அக்ரிலிக் வெயிலில் வளரும். ஒரு மீட்டர் நீளம், ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு 0.07 மி.மீ. வளர்கிறது. ஃபைபர்கிளாஸ் அதில் மூன்றில் ஒரு பங்குதான். 700 மி.மீ. நீள ஜன்னல், கறுப்புச் சாயல் உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 20 டிகிரி, நண்பகலில் 60. பலகை கிட்டத்தட்ட 2 மி.மீ. வளரும். வெள்ளைச் சுவர் அவ்வளவு சூடாகாது. 20 டிகிரி கூடினால் 0.35 மி.மீ. வித்தியாசம் 1.6 மி.மீ., பக்கத்துக்கு 0.8. தினமும் வளர்ந்து, தினமும் சுருங்க வேண்டும். 5 மி.மீ. ஸ்க்ரூவை 5 மி.மீ. துளையில் இறுக்கியிருந்தால் அது எங்கே போகும்? துளையின் ஓரத்தைப் பிளந்துகொண்டு போகும்.

ஆகவே 5 மி.மீ. போல்ட்டுக்குத் துளை 8 மி.மீ. துளையின் மையத்திலிருந்து பலகை விளிம்பு வரை 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தலை கூம்பாக உள்ளே பதியும் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆப்பு மாதிரி வேலை செய்யும். அடிப்பக்கம் தட்டையான தலையுள்ள போல்ட், அதன் கீழே அகலமான வாஷர், வாஷருக்குக் கீழே நியோப்ரீன் வாஷர். உள்ளே நட்டு. மரத்தில் போடும் ஸ்க்ரூவை ஃபைபர்கிளாஸில் திருகியிருந்தால் அதை விட்டுவிட்டுச் சுவரை ஊடுருவும் போல்ட்டாக மாற்றுங்கள். வாஷர் பலகையைத் தொட்டு நின்றதும் நட்டுக்கு இன்னும் கால் சுற்று, அவ்வளவுதான். இறுக்கும்போது போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். தலை சுழன்றால் அதைச் சுற்றியுள்ள சீலன்ட் அறுந்துவிடும்.

துளை போட உலோகத்துக்கான சாதாரண டிரில் பிட் ஆகாது. மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் கவ்வி இழுத்து ஒரு சில்லைப் பெயர்த்துவிடும். படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் நல்லது. அடியில் மரத்துண்டு வைத்து, மெதுவான வேகத்தில், சோப்புத் தண்ணீர் சொட்டு விட்டு, அடிக்கடி வெளியே எடுத்துத் துளையிடுங்கள்.

வெட்டும்போதும் அப்படியே. ஜிக்‌சா வேகமாக ஓடினால் பிளாஸ்டிக் உருகிப் பிளேடுக்குப் பின்னாலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டிவிட்டு, மெல்லிய பலகையில் செய்த அச்சை அடியில் ஒட்டி, ரவுட்டரால் அச்சோடு சமமாக இழைத்துவிடுங்கள். அச்சைப் பழைய ஜன்னலிலிருந்து எடுக்காதீர்கள், சுவரில் உள்ள ஓட்டையிலிருந்து எடுங்கள். ஒரே படகில் இடதும் வலதும்கூட ஒத்திருப்பதில்லை. மூலைகள் வட்டமாக இருக்க வேண்டும். விளிம்பை 180, பிறகு 320 உப்புத்தாளால் தேய்த்து, கூர்முனையை மழுக்குங்கள். விளிம்பில் விட்டுப்போன ஒரு சின்ன வடு நாளைய விரிசலின் தொடக்கம்.

கேள்வி: கடைசியில் கேட்டே விடுகிறேன். எந்த சீலன்ட்?

பதில்: எது எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது.

பாலிசல்பைடு: உலோகத்துக்கும் ஃபைபர்கிளாஸுக்கும் அருமையானது. அக்ரிலிக்கையோ பாலிகார்பனேட்டையோ தொடக் கூடாது. அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தாக்கி விரியச் செய்யும்.

த்ரீஎம் 5200 போன்ற பாலியூரித்தேன் பசைகள்: பிடி மிகப் பலம், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. பிளாஸ்டிக் ஊடாக வரும் வெயிலில் ஒட்டுப்பரப்பு கெடும். அதற்கு முன்பு கழற்ற நேர்ந்தால் ஜெல்கோட்டையும் (ஃபைபர்கிளாஸின் வழவழப்பான மேல்பூச்சு) பெயர்த்துக்கொண்டு வரும். சிகாஃப்ளெக்ஸ் 295 யூவி பிளாஸ்டிக் ஜன்னலுக்கென்றே செய்த பாலியூரித்தேன். ஆனால் அதன் பிரைமரை (ஒட்டுவதற்கு முன் தடவும் பூச்சு) விட்டுவிட்டால் அதுவும் உரியும். வெயிலிலிருந்து ஒட்டுப்பரப்பை மறைக்கக் கறுப்பு விளிம்பும் வேண்டும்.

பியூட்டைல் டேப்: போல்ட் போட்ட ஜன்னலுக்கும் பிரேமைச் சுவரில் உட்கார வைப்பதற்கும் எங்கள் முதல் தேர்வு. காய்ந்து இறுகுவதில்லை, பிசுபிசுப்பாகவே இருந்து அசைவுக்கு இடம் கொடுக்கும், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். ஆனால் அதுவே பலகையைத் தாங்கிப் பிடிக்காது, போல்ட் கட்டாயம். ஒரேயடியாக இறுக்காமல், வெயில் நேரத்தில், இரண்டு மூன்று நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் மெதுவாகப் பிதுங்கி இடைவெளிகளை நிரப்பும்.

கட்டடக் கண்ணாடி ஒட்டும் சிலிகான், உதாரணமாக டௌசில் 795: போல்ட் இல்லாமல் ஒட்டும் ஜன்னலுக்கு ஏற்றது. வெயிலைத் தாங்கும், பாதிக்குப் பாதி நீளவும் சுருங்கவும் கூடியது. குளியலறைச் சிலிகானை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். புளிப்பு வாடை வந்தால் அது வேறு சரக்கு.

எதை எடுத்தாலும், பழைய சிலிகான் மிச்சம் இருந்தால் புதியது எதுவும் பிடிக்காது. முதலிலேயே உப்புத்தாள் போட்டால் அதைப் பரப்பிவிடுவீர்கள். பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, சிலிகான் கரைக்கும் மருந்து தடவித் துடைத்து, அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். முடித்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படலமாகப் பரவினால் சுத்தம்; தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக நின்றால் இன்னும் சிலிகான் இருக்கிறது.

கேள்வி: போல்ட் இல்லாமல் 700 × 220 மி.மீ. அளவில் நான்கு ஜன்னல்களை ஒட்டப் போகிறேன். முறையும் அளவும் சொல்லுங்கள்.

பதில்: சிலிகான் படலத்தின் தடிமன் 3 மி.மீ. இதில் சமரசம் கூடாது. மேலே சொன்ன 0.8 மி.மீ. நகர்வை நினைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. படலம் பக்கவாட்டில் அவ்வளவு சாய்ந்தால் அதன் நீளம் 3.1 மி.மீ. ஆகும், அதற்குத் தெரியவே தெரியாது. நன்றாக அமுக்கி அரை மி.மீ.க்குக் கொண்டுவந்துவிட்டால் அதே நகர்வில் 0.94 மி.மீ. ஆக, ஏறக்குறைய இரு மடங்காக இழுபடும். கிழிந்துவிடும். ‘நல்லா அமுக்கினேன், அப்படியும் ஒழுகுது’ என்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒட்டும் அகலம் 25 மி.மீ. ஒரு ஜன்னலின் சுற்றளவு 1840 மி.மீ. பெருக்கினால் 138 மி.லி., வீணாவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 172. நான்குக்கும் 690 மி.லி. 300 மி.லி. குழல் 3 வேண்டும். நான்காவது ஒன்றையும் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருங்கள். பாதி ஜன்னலில் தீர்ந்துபோனால் ஓடிப்போய் வாங்கி வருவதற்குள் மேற்புறம் ஆடை கட்டிவிடும்.

தடிமன் காக்கும் துண்டுகளை முன்னதாகவே செய்யுங்கள். அதே சிலிகானை பாலித்தீன் தாள்மேல் 3 மி.மீ. தடிமனில் தேய்த்து, சில நாள் காயவிட்டு, 5 மி.மீ. சதுரங்களாக நறுக்கினால் போதும். ஜன்னலுக்கு 10 துண்டுகள், ஒட்டுப்பரப்பின் உள் ஓரத்தில்.

பலகையைக் காகித உறையோடு ஓட்டையின் மேல் வைத்து, உள்ளிருந்து ஓட்டையின் விளிம்பைப் பென்சிலால் வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள காகிதத்தை மட்டும் வெட்டி உரியுங்கள். கத்தி பிளாஸ்டிக்கில் கோடு போடக் கூடாது. ஒட்டுப்பரப்பை லேசாக உப்புத்தாளால் மங்கலாக்கலாம். சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு துணியால் துடைத்து, ஈரம் காயும் முன் இன்னொரு துணியால் எடுத்துவிட வேண்டும். அசிட்டோனும் தின்னரும் அக்ரிலிக் பக்கமே வரக் கூடாது. ஃபைபர்கிளாஸ் சுவருக்கு மட்டும் அசிட்டோன் போடலாம். சுவரில் ஜன்னலின் வெளிவிளிம்பைச் சுற்றி 8 மி.மீ. தள்ளி மாஸ்கிங் டேப்.

சிலிகானைச் சுவரில் ஒரே தொடர் வரியாக, முக்கோண வாயால், 3 மி.மீ.யை விட உயரமாக இடுங்கள். ஆரம்பமும் முடிவும் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். பலகையைக் கீழ் விளிம்பில் ஊன்றி, மேல்நோக்கிச் சாய்த்து, துண்டுகளில் உட்காரும் வரை மட்டும் அழுத்துங்கள். அகலமான டேப்பும் வெளியே முட்டுக்கொடுத்த குச்சிகளும் பிடித்துக்கொள்ளும். வளைந்த சுவரென்றால் பலகை திமிறும். அங்கே உள் ஓரத்தில் தடிமனான விஹெச்பி இருபக்க டேப் (இரு பக்கமும் பலமாக ஒட்டும் டேப்) ஒட்டிவிட்டு அதற்கு வெளியே சிலிகான் இடுவது நடைமுறை. அந்த டேப் தொட்டால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. ஆகவே சிலிகான் இடுவதற்கு முன், டேப்பின் உறையை உரிக்காமல் ஒரு ஒத்திகை பாருங்கள்.

பிதுங்கியதை ஈரம் காய்வதற்குள் வழித்துச் சாய்வாக்கி, மாஸ்கிங் டேப்பை உடனே உரியுங்கள். இந்த சிலிகான் காற்றின் ஈரத்தால் இறுகுவது. பலகை, சுவர் இரண்டிலும் காற்று நுழையாது, விளிம்பு வழியாகத்தான் போக வேண்டும். முதல் நாளில் 2, 3 மி.மீ. ஆழம் இறுகும், பிறகு மெதுவாகும். முட்டுகளை ஒரு வாரம் எடுக்காதீர்கள். மூன்று வாரத்துக்குப் படகைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். காகித உறையை மட்டும் சீக்கிரம் உரித்துவிடுங்கள், வெயிலில் கிடந்தால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: அலுமினிய பிரேமின் ஸ்க்ரூக்கள் கழலவே மாட்டேன் என்கின்றன.

பதில்: அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கூடவே உப்புத் தண்ணீர். வெள்ளைத் துரு இரண்டையும் சிமென்ட் போட்டது போலப் பிடித்திருக்கிறது. ஊடுருவும் எண்ணெயை இரண்டு நாளைக்கு அவ்வப்போது ஊற்றிக்கொண்டிருங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியின் பிடியில் சுத்தியலால் தட்டுங்கள், பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, அதன்பின் கழற்றும் பக்கம். சாலிடரிங் இரும்பின் முனையை ஸ்க்ரூ தலையில் வைத்துச் சூடாக்குவதும் உதவும். அதற்கும் மசியாததைத் தலையை மட்டும் துளைத்தெடுங்கள். எல்லாம் எடுத்த பிறகு பிரேமைத் திருப்புளியால் நெம்பாதீர்கள், அலுமினியம் வளைந்தால் நிமிராது. மெல்லிய புட்டிக் கத்தியை ஓட்டி, மர ஆப்புகளைச் சுற்றிலும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் டெஃப்-ஜெல் அல்லது லனோலின் (இரு உலோகங்களும் மறுபடி பிடித்துக்கொள்ளாமல் காக்கும் களிம்புகள்) தடவுங்கள். உள்ளும் புறமும் இரண்டு வளையங்களைக் குழாய் நட்டுகளால் (உள்ளே மரையுள்ள, அடி மூடிய குழாய் வடிவ நட்டு) சேர்க்கும் பிரேமில் ஒரு பொறி இருக்கிறது: பழைய சீலன்ட்டைச் சுரண்டியதும் சுவர் மெலிந்துவிடும், ஸ்க்ரூ குழாயின் அடியில் போய் முட்டும். கைக்கு இறுகியது போலிருக்கும், பிரேம் இறுகியிருக்காது. உலர்வாக ஒருமுறை பொருத்திப் பார்த்து, முட்டினால் ஸ்க்ரூவை 2 மி.மீ. வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரேமுக்குள் ரப்பர் சுருங்கி மூலையில் இடைவெளி தெரிகிறது. ரப்பரை மட்டும் மாற்றலாமா?

பதில்: தாராளமாக. பழையதிலிருந்து ஓர் அங்குலத் துண்டை வெட்டி, குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காட்டி அதே வடிவம் வாங்குங்கள். நீளத்தைச் சுற்றளவை விட நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடுதலாக வெட்டி, நெருக்கித் திணியுங்கள். இழுத்துப் பொருத்தினால் அடுத்த கோடையில் மறுபடி இடைவெளி. இணைப்பு மேல் விளிம்பின் நடுவில் வரட்டும். வழுக்குவதற்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊதவைக்கும். பலகை பிரேமின் அடியில் நேராக உட்காராமல் இரண்டு சின்ன நியோப்ரீன் துண்டுகள் மேல் உட்காரட்டும், சுற்றிலும் 2, 3 மி.மீ. இடம் விட்டு. அந்த வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கேள்வி: ஜன்னலை எடுத்தேன். வெட்டிய சுவரின் நடுவில் மரம் போல ஏதோ கறுத்து, விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிகிறது.

பதில்: இரண்டு ஃபைபர்கிளாஸ் படலங்களுக்கு நடுவே வைத்த பால்சா அல்லது பிளைவுட் அது. அதை அப்படியே மூடி ஜன்னல் வைத்தால் போல்ட் இறுக்கும்போது சுவர் நசுங்கும், சீலன்ட் எவ்வளவு நல்லதானாலும் நிற்காது. திருப்புளியின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்ற ஒலி மந்தமாக மாறும் இடம் வரை ஈரம் போயிருக்கிறது. கெட்டதை வளைந்த கம்பியாலும் குறுகிய உளியாலும் தோண்டியெடுங்கள். நல்ல மரமாக இருந்தாலும் விளிம்பிலிருந்து 12 மி.மீ. ஆழம் எடுத்துவிட வேண்டும். காயவிடுவதில்தான் பொறுமை வேண்டும், நாட்கணக்கில் மின்விசிறி ஓடட்டும். பிறகு முதலில் வெறும் எபாக்சியைத் தூரிகையால் ஊறவிட்டு, அது பிசுக்கு நிலைக்கு வந்ததும், சிலிகா பொடி கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியைத் திணித்து நிரப்புங்கள். ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பினால் எபாக்சி தன் சூட்டிலேயே புகைந்து வெடிப்பு விடும், இரண்டு மூன்று தவணையாக நிரப்புங்கள். போல்ட் துளைகளை இதெல்லாம் இறுகிய பிறகு புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: எல்லாம் முடித்தாயிற்று. உள் பலகையை எப்போது மாட்டலாம்?

பதில்: சிலிகான் இறுகியதும் முதலில் சொன்ன பவுடர்-குழாய்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். நன்றாக வெயில் அடித்த ஒரு வாரத்துக்குப் பிறகு இன்னொரு தடவை. பலகை வளர்ந்து சுருங்கிய பிறகும் பவுடர் உலர்ந்தே இருந்தால் மாட்டுங்கள். பியூட்டைல் போட்டிருந்தால் அந்த வாரத்திலேயே நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், உள் பலகை வந்துவிட்டால் அவற்றுக்குக் கை எட்டாது.